கேட்டுக்கு என்னைத் தெரியும்

எனக்குப் பயம் அதிகம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது. நெடுமாறன் என்று ராஜா பெயரை வைத்துக்கொண்டு இப்படி நடுங்குகிறாயே என்று எங்கள் பேட்டையான சாரத்தில் என் கூட்டாளிகள் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவர்களில் ஒருத்தனும் கேட் வேலை பார்ப்பவன் இல்லை. மரக்கேட், இரும்புக் கேட், கரண்டில் ஓடுகிற கேட், கார் ஷெட்டின் ஷட்டர் என்று பாண்டிச்சேரியில் மூடித் திறக்கிற எல்லாவற்றையும் நான் ரிப்பேர் பார்க்கிறேன். மூடித் திறக்கிற எதற்கும் இரக்கம் கிடையாது. நடுவில் வாழைப்பழம் இருந்தாலும் மூடும், விரல் இருந்தாலும் மூடும்.

மரக்கேட்டைக் கண்டு அவ்வளவு பயமில்லை. மழையில் ஊறிப் பருத்து, கீல் தொங்கி, தரையைப் பிறாண்டிக்கொண்டு நிற்கும். தள்ளினால் முனகும், அவ்வளவுதான். ஷட்டர் அதைவிட மோசம். மேலே உருளைக்குள் சுருண்டு கிடக்கிற ஸ்பிரிங் கை நழுவினால் பல்லைக் கழற்றிவிடும். ஆனால் கரண்டு கேட்தான் எனக்கு எமன். ஏனென்றால் அது சத்தமே போடாமல் வரும்.

அதற்கு இரண்டு காவல் உண்டு. ஒன்று கண். கேட் வாயின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்தில் எதிரெதிராக இரண்டு சின்னக் கறுப்புப் பெட்டிகள் இருக்கும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நமக்குத் தெரியாத ஒளி ஓடிக்கொண்டிருக்கும். யாராவது குறுக்கே வந்தால் ஒளி அறுந்துபோகும், மூடிக்கொண்டிருக்கும் கேட் நின்று பின்வாங்கும். இரண்டாவது காவல் மோட்டாரின் விசை. எதிலாவது முட்டினால் அதற்கு மேல் நெருக்காமல் நின்றுவிடும்படி அதைக் குறைத்துத்தான் வைப்போம். இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால் எவ்வளவு பெரிய கேட்டும் வளர்த்த மாடு மாதிரி.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் சாயங்காலம் குருசுக்குப்பத்தில் ஒரு கேட்டின் இரண்டு காவலையும் நானே எடுத்துவிட்டு வந்தேன்.

அது செல்வாம்பாள் அம்மா வீடு. அவர் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் அக்கம்பக்கத்தில் இன்றும் சொல்தா வீடு என்றுதான் சொல்வார்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பலராமன் பாரிஸில் இருக்கிறார். அம்மா தனியாக இருக்கிறாளே என்ற கவலையில் போன வருஷக் கடைசியில் லீவுக்கு வந்தவர் பக்கவாட்டில் ஓடுகிற பெரிய இரும்புக் கேட்டும், மோட்டாரும், கேமராவும் போட்டுவிட்டுப் போனார். கேட்டைத் திறக்க மூட அம்மா கையில் ஒரு ரிமோட். அது போதாதென்று அவருடைய செல்போனிலும் ஒரு பட்டன். பாரிஸில் உட்கார்ந்துகொண்டு குருசுக்குப்பத்துக் கேட்டை மூடலாம்.

அந்த வீட்டில் வேலை செய்கிறவள் துர்கா, என் தங்கை. கூடப் பிறந்தவள் அவள் ஒருத்திதான். சாரத்தில் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறாள். கேட் வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். காலையில் முதல் ஆளாகப் போய், அம்மாவைக் கேட்டைத் திறக்கச் சொல்லி, வாசல் தெளித்து, கேட் ஓடுகிற தண்டவாளத்துக்கு ஒட்டியே கோலம் போடுவாள். கேட்டோ கொஞ்ச நேரம் திறந்து கிடந்தால் தானாகவே மூடிக்கொள்ளும் வகை. இவள் குனிந்து புள்ளி வைத்துக்கொண்டிருக்கும்போதே கிளம்பி வரும். பக்கத்தில் வந்ததும் நின்று திரும்பிப் போகும். மறுபடி வரும், மறுபடி போகும்.

“கேட்டுக்கு என்னைத் தெரியும்ணே” என்பாள். “நான் கோலம் போடறத எட்டிப் பாத்துட்டுப் போவுது.”

“அதுக்குக் கண்ணு இருக்குடி, அதான் நிக்குது” என்று நான் சொல்லியிருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தும் இருக்கிறேன். எந்தக் கண், அது எங்கே இருக்கிறது என்று ஒரு நாளும் காட்டியதில்லை.

கடல் பக்கத்தில் கண் ரொம்ப நாள் தாங்காது. உப்பு உள்ளே இறங்கிவிடும். பூஜைக்கு முதல் நாள் அது சுத்தமாகச் செத்துவிட்டது. கண் செத்தால் கேட் மூடாது, திறந்த வாயோடு நிற்கும். அம்மா எனக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டே இருந்தார். நான் போனபோது துர்கா வேலை முடித்துக் கிளம்பிவிட்டிருந்தாள்.

“ராத்திரி பூரா தொறந்து கெடந்தா நான் எப்பிடிப்பா தூங்கறது? மொதல்ல மூடற வழியப் பாரு” என்றார் அம்மா.

புதுக் கண் சென்னையிலிருந்து வர வேண்டும். பூஜை லீவு முடிகிறவரை கடை திறக்க மாட்டான். நான் என்ன செய்ய? சுவரிலிருந்த மோட்டார் பெட்டியைத் திறந்து, கண்ணுக்குப் போகிற இரண்டு முனையையும் ஒரு துண்டுப் பச்சை ஒயரால் இணைத்தேன். இனிமேல் குறுக்கே யானை நின்றாலும் பாதை காலி என்றுதான் மோட்டாருக்குத் தெரியும். தண்டவாளத்தில் மணலும் துருவும் ஏறி, சக்கரம் பாதி வழியில் திணறியது. சாவி போட்டு மோட்டாரை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளித் தள்ளி கிரீஸ் வைத்தேன். போதவில்லை. விசையை முழுக்க ஏற்றினேன். அப்புறம் தானாக மூடுவதை மட்டும் நிறுத்தினேன். பட்டனை அழுத்தினால்தான் மூடும். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்ட மாதிரி எனக்கு ஒரு நிம்மதி.

“அம்மா, புதுக் கண்ணு வர்ற வரைக்கும் ஜாக்கிரதை. மூடும்போது நடுவுல யாரும் நிக்கக் கூடாது. பாத்துட்டு பட்டன அமுக்குங்க.”

“நான் ஏம்பா நடுவுல போய் நிக்கப் போறேன்? மெர்சி, மெர்சி. கெளம்பு” என்றார்.

நான் கிளம்பினேன். அன்றைக்கு ராத்திரி துர்கா என் வீட்டுக்கு வந்து டீ குடித்தாள். பூஜைக்குப் பொரி வாங்கியாச்சா, கடலை வாங்கியாச்சா என்று பேசிவிட்டுப் போனாள்.

மறுநாள் பூஜையன்று மத்தியானத்துக்கு மேல் பெரிய மார்க்கெட்டில் மாட்டிக்கொண்டேன். கலியமூர்த்தி அண்ணன் பூஜை சாமான் கடை வைத்திருக்கிறவர். வருஷத்தில் அவருக்கு வியாபாரம் கொழிக்கிற நாளில் ஷட்டர் பாதியில் நின்றுவிட்டது. ஆளுக்கு ஆள் குனிந்து உள்ளே போய்க் குங்குமமும் கற்பூரமும் வாங்கிக்கொண்டு, தலையை இடித்துக்கொண்டு, அவரைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தார்கள். நான் ஏணியில் ஏறி, பெரிய ஸ்பேனரால் உருளையைப் பிடித்து ஸ்பிரிங்கை முறுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு கையும் அதில்தான். விட்டால் ஸ்பேனர் என் மூஞ்சியைப் பெயர்த்துவிடும். காதில் மாட்டியிருந்த இயர்போனில் போன் அடித்து, தானே எடுத்துக்கொண்டது.

“அண்ணே, நான்தான்.” துர்கா. குரலில் ஒரே உற்சாகம். “கேட்டுக்கு மொத ஆயுத பூஜையாச்சே, ஜோராப் பண்ணணும்னு பாரிஸ்ல இருந்து சொல்லிட்டாரு. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் ஆச்சு. வண்டிக்கு வெக்கற மாரி இதுக்கும் சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தணுமாம். வீடியோல பாத்துக்கினே அவரே அங்க இருந்து பட்டன அமுக்கறாராம். எந்தச் சக்கரம்ணே? முன்னாடி இருக்கறதா, பின்னாடி இருக்கறதா?”

கேட்டுக்குச் சக்கரம் இருப்பது உண்மை. மோட்டார் இருப்பதும் உண்மை. சக்கரமும் மோட்டாரும் இருந்தால் அது வண்டிதான், வண்டியென்றால் எலுமிச்சம்பழம்தான். நம் ஊரில் இதை யாரும் யோசிக்கக்கூட மாட்டார்கள். நான் யோசித்தேன். ஒரு கை சக்கரத்துக்கு அடியில் பழம் வைக்கிறது. அந்தக் கேட்டுக்குக் கண் இல்லை. பட்டன் பாரிஸில் இருக்கிறது.

“துர்கா! கிட்ட போவாத! கேட்டுகிட்ட போவாத, சொல்றது கேக்குதா?”

“இன்னா? மேளமா அங்க? ஒண்ணுமே கேக்கலண்ணே. சரி, அம்மா கூப்புடறாங்க. முன்னாடி சக்கரத்துக்கே வெச்சிடறேன்.”

போன் கட்டானது.

நான் ஏணி மேல் கத்தினேன். கலியமூர்த்தி அண்ணன் என் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, நான் சொன்ன நம்பருக்கெல்லாம் போட்டார். துர்கா போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. சமையல்கட்டில் வைத்துவிட்டு வாசலுக்குப் போயிருப்பாள். அம்மா போன் பிஸி. மகனோடு வீடியோவில் இருக்கிறார். மறுபடி துர்கா. மறுபடி அம்மா.

“ஏன் இப்பிடி வெலவெலக்கற? இன்னா ஆச்சு?” என்றார் அண்ணன்.

“என் தங்கச்சி செத்துடுவாண்ணே.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்த்தவர் வியாபாரத்தை விட்டுவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். முறுக்கிய ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு இறங்க முடியாது. கீழே பத்துத் தலை குனிந்து போய் வந்துகொண்டிருக்கிறது. போல்ட்டைத் தேடினேன், போட்டேன், இறுக்கினேன். என் வாழ்நாளில் இவ்வளவு மெதுவாக ஒரு போல்ட் இறுகிப் பார்த்ததில்லை. இறங்கியதும் டூல்ஸைக்கூட எடுக்காமல் வண்டியை உதைத்தேன்.

மார்க்கெட்டிலிருந்து குருசுக்குப்பம் கூப்பிடு தூரம்தான், மற்ற நாளாக இருந்தால். அன்றைக்கு ஊரே வாசலில் நின்றது. காந்தி வீதியில் கடைக்குக் கடை வாழைக்கன்று, மாலை போட்ட லாரி, மாலை போட்ட ஆட்டோ, மாலை போட்ட இளநீர் வண்டி. எங்கே பார்த்தாலும் நடுரோட்டில் பூசணிக்காயை உடைத்துப் போட்டிருந்தார்கள். இரண்டு தடவை வண்டி வழுக்கியது. காலை ஊன்றிக் காலை ஊன்றிப் போனேன்.

போகிற வழியெல்லாம் மனது ஏதாவது ஒரு பிடி கிடைக்காதா என்று தேடியது. கரண்டு போய்விட்டால்? போனாலும் ஓடும். பேட்டரி மாட்டியவன் நான்தான். எதிலாவது முட்டினால் நிற்குமே? நிற்காது. விசையை ஏற்றியவன் நான்தான். யாராவது சாவி போட்டு மோட்டாரை விடுவித்தால்? அந்த இடத்தில் என் தொடையில் ஏதோ குத்தியது. கால்சட்டைப் பையில் சாவிக்கொத்து. அதில் மஞ்சள் நூல் கட்டிய சின்னச் சாவி. நேற்று கிரீஸ் வைத்துவிட்டு அங்கேயே மாட்டிவிட்டு வர வேண்டியதை என் பாட்டுக்குப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தக் கேட்டில் நான் கை வைத்த ஒவ்வொன்றும் பழுதில்லாமல் வேலை செய்தது. அதுதான் பயம்.

பட்டேல் சாலையைத் தாண்டி அந்தத் தெருவுக்குள் திரும்பினேன். தெருக்கோடியில் பெருமாள் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன்.

கேட் திறந்து கிடந்தது. கேட் வாய் முழுக்கச் சிவப்பு. தண்டவாளத்தில் சிவப்பு, தூணில் சிவப்பு, கோலத்தின் மேல் சிவப்பு வழிந்து ரோடுவரை வந்திருந்தது. நடுவில் வெள்ளையாக, சதை மாதிரி ஏதோ சிதறிக் கிடந்தது. ஆள் யாரும் இல்லை.

எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. தூணுக்குப் பின்னாலிருந்து துர்கா துடைப்பத்தோடு வந்தாள்.

“வந்துட்டியாண்ணே? எல்லாம் முடிஞ்சிட்ச்சு பாரு. இப்பதான் பூசணிக்கா ஒடச்சோம்.”

பூசணிக்காய். வழியெல்லாம் அதில் வழுக்கிக்கொண்டு வந்தவன், இங்கே அது பூசணிக்காய் என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். உள்ளே குங்குமமும் சில்லறையும் போட்டு உடைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கித் தோலாகக் கிடந்தது. பழத்தை வைத்துவிட்டு அவள் தள்ளி நின்றிருக்கிறாள், அவர் பாரிஸிலிருந்து திறந்திருக்கிறார், கேட் அதன்மேல் ஏறிப் போயிருக்கிறது. அவ்வளவுதான். என் தங்கைக்குப் பத்து விரலும் இருந்தது. வண்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உள்ளே செல்வாம்பாள் அம்மா முதுகைக் காட்டிக்கொண்டு, செல்போனைக் கன்னத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. துர்காவைப் பிடித்து நாலு திட்டு திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் குனிந்துவிட்டாள். “இத வாரிப் போட்டுட்டு வர்றேண்ணே, வண்டி வழுக்கும்” என்று சொல்லிக்கொண்டே கேட் வந்து முட்டுகிற தூணை ஒட்டி உட்கார்ந்து, பூசணித் துண்டுகளையும் சில்லறையையும் பொறுக்கினாள். கேட்டுக்கு முதுகு.

தூண் மேல், கேட் கிளம்பினால் எரிகிற மஞ்சள் விளக்கு மினுங்க ஆரம்பித்தது.

அம்மா போனில் சொன்னது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. “மூடட்டுமாம்மா?” என்று கேட்டிருக்கிறார் மகன். “மூடு மூடு, சில்லற பொறுக்க தெருவே உள்ள வந்துடும்” என்றிருக்கிறார் அம்மா. கேமரா வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும்படி உயரத்தில் இருக்கிறது. தூணடியில் குனிந்திருப்பவளை அது பார்க்காது.

“துர்கா!”

ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்டதோ என்னவோ, லேசாகத் திரும்பினாள். கேட் வருவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடி குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். கேட்டுக்குத்தான் அவளைத் தெரியுமே.

நான் ஓடினேன். கேட்டின் குறுக்கே ஒரு விரலைக்கூட நீட்டக் கூடாது என்பது என் தொழில் சட்டம். யோசிக்க நேரம் இருந்திருந்தால் நான் போயிருக்க மாட்டேன், சத்தியமாகச் சொல்கிறேன். போய் அவள் முதுகில் கையை வைத்து உள்பக்கமாக ஒரு தள்ளு தள்ளினேன். அவள் உள்ளே போய் விழுந்தாள். என் கால் பூசணிச் சதையில் வழுக்கியது. இடது பக்கம் தூணில் போய் மோதியது. நிமிர்வதற்குள் வலது விலாவில் இரும்பு வந்து உட்கார்ந்தது.

வலி முதலில் தெரியவில்லை. தெரிந்தது விசைதான். முழுக்க ஏற்றிவைத்த விசை. எவ்வளவு தூரம் நெருக்கும், எங்கே நிற்கும் என்று எல்லாம் எனக்குத் தெரியும், அது எதுவும் அப்போது உதவவில்லை. உள்ளே ஏதோ ஒன்று மடக்கென்று முறிந்த சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. மூச்சை விட்டேன், திரும்ப இழுக்க இடம் இல்லை.

துர்கா எழுந்தாள். என்னைப் பார்த்தாள். அவள் போட்ட சத்தத்தில் அம்மா திரும்பினார்.

“பலராமா! நிறுத்துடா! ஆளு மாட்டிக்கிச்சுடா!”

மகன் செல்போனில் இருப்பது ஒரே பட்டன். ஓட ஒரு தடவை, நிறுத்த ஒரு தடவை, திரும்ப ஒரு தடவை. பாவம், அவர் பயத்தில் அதைக் குத்து குத்தென்று குத்தியிருக்கிறார். ஒவ்வொரு குத்தும் பாரிஸிலிருந்து தாமதமாக வந்து சேர்ந்தது. கேட் நின்றது. விலகியது. அரை மூச்சு இழுத்தேன். மறுபடி நின்றது. மறுபடி வந்தது. இந்தத் தடவை முதல் தடவையைவிட வலித்தது, ஏனென்றால் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

“தொட… வேணாம்… சொல்லு.”

“தொடாதீங்க! தொடாதீங்கன்னு சொல்லுங்கம்மா!” துர்கா அலறினாள்.

மகன் பட்டனை விட்டுவிட்டார். கேட் என்னை நெருக்கியபடியே நின்றுபோனது. சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. துர்காவும் அம்மாவும் சேர்ந்து இழுத்துப் பார்த்தார்கள். மோட்டார் பூட்டிக்கொண்டால் இரண்டு பேர் இல்லை, இருபது பேர் வந்தாலும் அசையாது. எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சாகப் போகிறோம் என்று நினைத்தேன். இதில் அழகான நினைப்பெல்லாம் ஒன்றும் வரவில்லை. பயம் மட்டும்தான் இருந்தது.

“சாவி” என்றேன். “பையி.”

இடது பை, தூணோடு ஒட்டி நசுங்கிக் கிடந்தது. துர்கா கையை விட்டாள், போகவில்லை. பையைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். என் தங்கை பல்லால் துணி கிழித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கொத்து கீழே விழுந்தது.

“மஞ்ச நூலு.”

“இதுவா? இதுவாண்ணே?”

“மோட்டாரு. மூடியத் தொற. போட்டுத் திருப்பு. கம்பிய… இழு.”

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வாய்க் காற்று செலவானது. அவள் ஓடினாள். மூடி திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் கேட்கவில்லை. “திரும்ப மாட்டேங்குதுண்ணே” என்று அழுதாள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று சொல்ல என்னிடம் காற்று இல்லை. அவள் தானே மறுபக்கம் திருப்பியிருக்க வேண்டும். டொக்கென்று ஒரு சத்தம். அந்தப் பெரிய இரும்புக் கேட் திடீரென்று வெறும் தகரமாகி என் மேல் சாய்ந்து நின்றது. அம்மா ஒரு கையால் தள்ள, அது போய்விட்டது.

நான் பூசணிக்காயின் மேல் உட்கார்ந்தேன். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். “எவ்ளோ ரத்தம் பாரு” என்றான் ஒருத்தன். துர்கா முந்தானையால் என்னைத் துடைத்துக்கொண்டே வந்தாள். “இது குங்குமம். இதுவும் குங்குமம்தான். இதுவும்.” வலது விலாவுக்கு வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, முந்தானையை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா அழுதுகொண்டிருந்தார். கையிலிருந்த போனில் மகனும் அழுகிற சத்தம் கேட்டது. யாரோ ஆட்டோ கூப்பிட்டார்கள். மாலை போட்ட ஆட்டோதான் வந்தது. என்னைத் தூக்கினபோது நான் வர மாட்டேன் என்றேன்.

“இன்னாண்ணே, இன்னா வேணும்?”

“செவுத்துப் பொட்டி. உள்ள… பச்ச ஒயரு. சின்னது. புடுங்கு.”

நாளைக்கு எவனாவது வந்து மோட்டாரைப் பூட்டிக் கேட்டை ஓட்டுவான். ஒயர் அங்கே இருக்கிறவரை என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. துர்கா போய்ப் பிடுங்கினாள். சந்தேகம் தீர, வீட்டுக்குள்ளிருந்த ரிமோட்டை எடுத்து வந்து மூடுகிற பட்டனை அழுத்தச் சொன்னேன். மோட்டார் சும்மா இருந்தது. கண் இல்லாத கேட் மூட மாட்டேன் என்றது. அந்த அமைதியைக் கேட்ட பிறகுதான் ஆட்டோவில் ஏறினேன்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க ஆட்டோ மெதுவாகத்தான் போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் எனக்கு உயிர் போய் வந்தது. துர்கா என் தலையைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் மூடியிருந்த மற்றக் கையைத் திறந்தாள். உள்ளங்கையில் அந்த ஒயர் இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

“இன்னாண்ணே இது?”

சொன்னேன். கண் செத்தது, ஒயர் போட்டது, விசையை ஏற்றியது எல்லாவற்றையும் விட்டு விட்டுச் சொன்னேன். இரண்டு சொல், ஒரு மூச்சு. அவள் அந்த ஒயரையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது எனக்கு ஆஸ்பத்திரியைவிடப் பயமாக இருந்தது.

“நேத்து சாயங்காலமே போட்டுட்டியா?”

“ம்.”

“நேத்து ராத்திரி உங்க வூட்ல வந்து டீ குடிச்சிட்டுப் போனேன்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“இன்னிக்குக் காலைல அங்கதான் குனிஞ்சி கோலம் போட்டேன். பூஜை நாளாச்சேன்னு பெரிய கோலம்.”

“சொன்னேன்” என்றேன். “ஜாக்கிரத… சொன்னேன்.”

“யாருகிட்ட சொன்ன?”

“அம்மாகிட்ட.”

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் என்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. தெரியாததைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“அங்க கோலம் போடறது யாருண்ணே? அம்மாவா?”

எனக்குப் பதில் சொல்ல மூச்சு இருந்தது. கையை நீட்டி அவள் உள்ளங்கையிலிருந்த ஒயரை எடுத்துக்கொண்டேன்.